எதைத் தொட்டாலும் மூன்று வாரம்தானா?

கும்பகோணம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 46. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஒரே மகன் கோவையில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீடு வெறிச்சோடிவிட்டது. கணவரும் 78 வயது மாமியாரும் உடன் இருக்கிறார்கள். ‘இனியாவது எனக்கென்று எதையாவது கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று இரண்டு வருடமாக ஒவ்வொன்றாக ஆரம்பித்திருக்கிறார். யூடியூப் பார்த்துப் பழக 11,500 ரூபாயில் இசைக் கீபோர்டு. மூன்று மாதக் கட்டணம் 4,500 கட்டிச் சேர்ந்த நீச்சல். 6,000 ரூபாய்க்கு மாடித்தோட்டம். 1,800 ரூபாய் சந்தாவில் செயலி வழியே ஹிந்தி. 3,200 ரூபாய் ஷூ வாங்கிக் காலை நடை. எல்லாமே ஒன்றாம் தேதி ஆரம்பம்; ஹிந்தியைத் தவிர எல்லாம் மூன்றாவது வாரத்தோடு சரி.

‘ஆரம்ப சூரத்தனம்’ என்று கணவர் கேலி செய்கிறார். இப்போது இணையத்தில் பார்த்த ‘ஆளுமை மாற்றப் பயிற்சி’ ஒன்றுக்கு 2,000 ரூபாய் முன்பணம் கட்டியிருக்கிறார். மொத்தக் கட்டணம் 48,000. மீதியை இஎம்ஐயில் கட்டலாமாம். அவருடைய கேள்விகள்: எனக்கு மன உறுதியே கிடையாதா? வயதாகிவிட்டதா? 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் ஆகவில்லை? புதிது புதிதாகச் செய்தால் மறதி வராது என்பது உண்மையா? அந்தப் பயிற்சியில் சேரலாமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘ஆபீஸில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் நான்தான் போடுகிறேன்.’ உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது. மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனத்தில் டிடிஎஸ் என்ற பிடித்த வரியைக் கட்ட 7ஆம் தேதி, ஜிஎஸ்டி படிவங்களான ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20. ஒன்றாம் தேதி ஆரம்பிக்கும் எந்தப் புது முயற்சியும் உங்களுக்கு இரண்டாவது வாரத்தில் தள்ளாடும், மூன்றாவது வாரத்தில் விழும். உங்களை நிறுத்தியது வேலைக் கெடு. அதை நீங்கள் குணக்குறை என்று பெயர் வைத்துச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

மற்றவற்றையும் தனித்தனியே பார்ப்போம். தக்காளி நாற்றைச் சித்திரையில் நட்டிருக்கிறீர்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியில் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காது, பூ உதிரும். மொட்டை மாடித் தரையின் சூடு வேறு. நீங்கள் தினமும் தண்ணீர் ஊற்றியும் காய் பிடிக்காததற்குக் காரணம் அதுதான். ஆடிப்பட்டத்தில் ஒரே ஒரு பையில் சிறுகீரை விதைத்திருந்தால் 25 நாளில் பிடுங்கிக் கடைந்திருக்கலாம்.

நீச்சலை நான்காவது வகுப்போடு விட்டுவிட்டீர்கள், மூக்கில் தண்ணீர் ஏறுகிறது என்று. புதிதாகத் தண்ணீரில் இறங்கும் பெரியவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அடக்க முடியாமல் போகும்போது சட்டென்று இழுப்பார்கள். தலை உள்ளே போகும்போதே ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு மூக்கு வழியே மெதுவாகக் காற்றை விடப் பழகினால் தண்ணீர் ஏறாது. முதல் நான்கைந்து வகுப்பு இதற்கும், சுவரைப் பிடித்து மிதப்பதற்குமே போய்விடும். நீங்கள் விட்டது நீச்சல் தொடங்குவதற்கு முந்தின நாள்.

ஹிந்தியை ஐம்பது நாள் படித்திருக்கிறீர்கள். ‘எதைத் தொட்டாலும் மூன்று வாரம்’ என்ற உங்கள் கணக்கை நீங்களே பொய்யாக்கியிருக்கிறீர்கள். ஒருநாள் விட்டதும் செயலி காட்டும் தொடர்நாள் எண்ணிக்கை பூஜ்யமானது, அதோடு மனசும் விட்டுப்போனது. பேச ஆளில்லாத மொழி எவ்வளவு நாள்தான் தங்கும்?

21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது

1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் எழுதியது அது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தம் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் உதிர்ந்து, கண்ணாடியில் முகம் பார்ப்பது பற்றிய குறிப்பு அதிகாலை எழுவதற்கும் ஹிந்தி படிப்பதற்கும் சட்டமாகிவிட்டது.

முறையாக அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். 2009இல் வெளியான அவர்களது ஆய்வில் 96 பேர், ஆளுக்கு ஒரு சிறு செயலை, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் 12 வாரம் செய்தார்கள். அது தன்னால் வரும் நிலையை எட்ட ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது; 12 வாரத்தைத் தாண்டிய எண்கள் அவர்கள் கணக்கிட்டு மதிப்பிட்டவை. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. உங்களுக்கு முக்கியமான செய்தி இன்னொன்று: நடுவே ஒருநாள் விட்டதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. செயலியின் பூஜ்யத்தை நீங்கள் மதித்திருக்கவே வேண்டாம்.

பழக்கம் படிய வேண்டுமென்றால் அதே இடம், அதே நேரம், அதே செயல் திரும்பத் திரும்ப வர வேண்டும். புதிய விஷயமோ ஒவ்வொரு தடவையும் வேறு. ஆகவே ‘புதியதைச் செய்வது’ ஒருநாளும் தன்னால் வரும் பழக்கமாகாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தயக்கமும் கூச்சமும் இருந்தே தீரும். பழக்கமாக்கக் கூடியது அதற்கென்று ஒதுக்கும் நேரத்தை மட்டும்தான். அந்த நேரத்துக்குள் என்ன செய்வது என்பது மாறிக்கொண்டே இருக்கலாம்.

ருசி பார்ப்பது வேறு, கற்பது வேறு

நீங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். கற்பதற்கு உரிய முதலீட்டை முதல் நாளே செய்கிறீர்கள்: புதுக் கீபோர்டு, மூன்று மாதக் கட்டணம், வருடச் சந்தா. பிடிக்காமல் போனால், கற்றலில் தோற்ற குற்ற உணர்வோடு வெளியே வருகிறீர்கள். ருசி பார்த்துவிட்டு ‘இது எனக்கு வேண்டாம்’ என்று சொல்வது தோல்வியே கிடையாது. அதற்காகத்தானே பார்த்தது!

அதற்காக, ருசி பார்த்துக்கொண்டே இருந்தால் மறதி வராது, மூளை கூர்மையாகும் என்றும் நம்ப வேண்டாம். டல்லாஸில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெனிஸ் பார்க் குழுவின் ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்கள் சிலர் டிஜிட்டல் புகைப்படக்கலையும் சிலர் துணி ஒட்டுத் தையலும் வாரம் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம் கற்றார்கள். அவர்களுக்கு நினைவாற்றலில் முன்னேற்றம் தெரிந்தது. அதே அளவு நேரத்தை ஒன்றாகக் கூடி விளையாடியும் ஊர் சுற்றியும் கழித்த குழுவினருக்கு அந்த அளவு தெரியவில்லை. பலன் தொடர்ந்து, சிரமப்பட்டுக் கற்பதில் இருக்கிறது. ருசி பார்ப்பதன் வேலை, அப்படிச் சிரமப்படத் தகுந்த ஒன்றை உங்களுக்குக் கண்டுபிடித்துத் தருவது.

வயதைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் இதுவே பதில். அந்த ஆய்வில் இருந்தவர்களில் 90 வயதை ஒட்டியவர்களும் உண்டு. நீங்கள் 46இல் இருந்துகொண்டு கேட்கிறீர்கள்.

நேரம் எப்படி ஒதுக்குவது

உங்கள் வேலையை வைத்துப் பார்த்தால் 21ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 7 வரைதான் உங்களுக்கு மூச்சுவிடும் காலம். அதற்குள் எப்படியும் இரண்டு ஞாயிறு வரும். அந்த இரண்டு ஞாயிறு காலை, ஆறரை முதல் எட்டரை. வாரா வாரம் வேண்டாம். மாதம் இரண்டு என்றாலே வருடத்துக்கு 24 ஆகிறது, அது தாராளம். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் ஆண்டுக் கணக்கு முடிப்பதால் அந்தச் சுற்றின் இரண்டு ஞாயிறை இப்போதே காலண்டரில் அடித்துவிடுங்கள், மிச்சம் 22. முன்கூட்டியே எடுத்த விடுப்புக்கும் தவறவிட்ட நாளுக்கும் மனசில் பெரிய வித்தியாசம் உண்டு.

என்ன செய்வது என்று அன்று காலை யோசிக்கக் கூடாது. ஒரு உட்காரலில் 22 சீட்டு எழுதி டப்பாவில் போட்டுவிட்டு, வியாழக்கிழமை இரவு ஒன்றை எடுங்கள். வெள்ளி, சனியில் போன் செய்து விசாரிக்கவும் சாமான் சேர்க்கவும் நேரம் கிடைக்கும். இந்த முயற்சிகள் பெரும்பாலும் சோம்பலால் கெடுவதில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கடை திறந்திருக்காது என்பதால் கெடுகின்றன. பிறகு ‘எப்போது - என்ன’ என்று ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்: ‘காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தவுடன் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.’ இப்படி இடமும் தருணமும் சேர்த்து முடிவெடுப்பவர்கள் சொன்னதைச் செய்துமுடிக்க வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். ‘இந்த வாரம் எப்படியாவது’ என்ற வாக்கியத்துக்கு அந்தச் சக்தி இல்லை.

சீட்டில் என்ன எழுதுவது? உங்கள் ஐந்து முயற்சிகளைத் திரும்பப் பாருங்கள். நீச்சலைத் தவிர எல்லாமே தனியாகச் செய்வது. மகன் போனதால் வீட்டில் ஏற்பட்ட வெற்றிடத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கும் நீங்கள், அதை நிரப்பத் தேர்ந்தெடுத்ததெல்லாம் இன்னும் தனிமையான காரியங்கள். பாதிச் சீட்டுகளிலாவது இன்னொரு மனிதர் இருக்கட்டும். தெருவில் யாரிடமாவது நாற்பது புள்ளிக் கோலம் போடக் கற்பது, கோயிலில் திருப்புகழ் பாடும் குழுவில் ஒருநாள் உட்கார்ந்து கூடப் பாடுவது, பக்கத்து நூலகத்தில் வாசகர் கூட்டம் நடந்தால் போவது. உங்கள் பக்கத்திலேயே சுவாமிமலையில் மெழுகு அச்சில் வெண்கலச் சிலை வார்க்கிறார்கள், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு, திருபுவனத்தில் பட்டுத் தறி. முன்பே அனுமதி கேட்டு, ஞாயிறு வேலை உண்டா என்றும் விசாரித்துவிட்டுப் போங்கள். ஆனால் பார்த்துவிட்டு வருவதை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். கை படவேண்டும். ஒரு பிடி மெழுகை உருட்டிப் பார்த்தால்கூடப் போதும்.

எவ்வளவு நேரம் ருசி பார்த்தால் தெரியும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். சமையல் என்றால் அதே பண்டத்தை இரண்டு முறை. முதல் முறை குறிப்பைப் பார்ப்பதிலேயே கவனம் போய்விடும். தையலுக்கு இரண்டு உட்காரல், ஒரு தலையணை உறை. கீரைக்கு ஒரு பை, ஒரு மாதம். கீபோர்டுக்கு ஆசிரியர் முன்னால் நான்கு வகுப்பு. நீச்சலுக்குப் பத்துப் பன்னிரண்டு வகுப்புக்குக் குறைந்து தீர்ப்பே எழுதக் கூடாது. அது இரண்டு ஞாயிறில் அடங்காது, ஆகவே 21ஆம் தேதி தொடங்கி வார நாட்களில், பெண்களுக்குத் தனி நேரம் உள்ள குளமாகப் பார்த்துச் சேருங்கள். எதுவானாலும் எத்தனை தடவை என்பதை முன்னாலேயே எழுதிவிடுங்கள். அத்தனையும் செய்துவிட்டு நிறுத்தினால் அது முடித்தது, விட்டது அல்ல.

இந்த வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். தம் குணத்தில் மாற்றம் விரும்பிய 377 மாணவர்களை நேதன் ஹட்சன் குழுவினர் 15 வாரம் தொடர்ந்து கவனித்து 2019இல் எழுதினார்கள். தாமே ஏற்ற சிறு சவால்களை நிறைவேற்றியவர்களிடம் மாற்றம் தெரிந்தது. ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டது பலன் தராததோடு, சில சமயம் எதிர்ப்பக்கம் இழுத்தது. பெரிதாக ஆரம்பித்து விடுவதைவிடச் சிறிதாக ஆரம்பித்து முடிப்பது மேல் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஆரம்பித்த அன்றே வாட்ஸ்ஆப்பில் ஸ்டேட்டஸ் போடுவதையும் நிறுத்துங்கள். அந்தப் பாராட்டிலேயே பாதி வேகம் தணிந்துவிடும்.

பிடித்ததா இல்லையா என்று அன்றே முடிவு செய்யாதீர்கள். அன்று இருப்பது பரபரப்பு அல்லது கூச்சம். புதன்கிழமை ஒரு நோட்டில் மூன்று வரி: எந்தக் கணத்தில் கடிகாரத்தைப் பார்க்க மறந்தேன், எது எரிச்சலாக இருந்தது, காசு கொடுத்து இன்னொரு தடவை போவேனா. ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் ஒன்றிரண்டு தனியாகத் தெரியும். அதில் ஒன்றை மட்டும் எடுத்து, ஆசிரியரோடு, ஒரு கெடு வைத்து ஆறு மாதம் கற்றுக்கொள்ளுங்கள். ஹிந்தி என்று வந்தால் தட்சிண பாரத் ஹிந்தி பிரச்சார சபாவின் ‘பிராத்மிக்’ தேர்வு இருக்கிறது. தேதி இருக்கும், கூடப் படிப்பவர்கள் இருப்பார்கள். செயலியால் தர முடியாதவை இவை இரண்டும்.

பணமும் அந்தப் பயிற்சியும்

இரண்டு வருடத்தில் 27,000 செலவாகியிருக்கிறது. இனி ஒரு ருசிக்கு 500 ரூபாய் என்று வரம்பு வையுங்கள். 22 தடவைக்கும் சேர்த்து வருடத்துக்கு 11,000க்கு மேல் போகாது. எழுதிவைத்த எண்ணிக்கை முடியும்வரை கருவி எதையும் சொந்தமாக வாங்குவதில்லை. இரவல், வாடகை, அல்லது ஆசிரியர் வீட்டுக் கருவி. நீச்சல் மட்டும் விலக்கு: உடை, தொப்பி, கண்ணாடி வாங்கத்தான் வேண்டும், பயிற்சிக் கட்டணத்தையும் மாதாமாதமாகக் கட்டுங்கள்.

48,000 ரூபாய்ப் பயிற்சியில் சேர வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் அனுப்பிய விளம்பர வாசகத்தில் என்ன கற்றுத் தருவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். இப்படிப் பயிற்சி நடத்துபவர் ‘லைஃப் கோச்’ (வாழ்க்கைப் பயிற்சியாளர்) என்று போட்டுக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை. ‘வட்டியில்லா இஎம்ஐ’ என்பதும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன்தான். மூன்றாவது வாரம் வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் உங்கள் கடன் மதிப்பெண்தான் அடிபடும்.

முன்பணத்தைத் திரும்பக் கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசினால் சாட்சி இருக்காது. ‘ரத்து செய்கிறேன், என் பெயரில் கடன் விண்ணப்பம் எதுவும் போட வேண்டாம்’ என்று தெளிவாக எழுதுங்கள். ஒருவேளை கடன் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் கடன் நிபந்தனைகள் அடங்கிய முக்கிய விவர அறிக்கையை (Key Facts Statement) கேட்டு வாங்குங்கள். டிஜிட்டல் கடனிலிருந்து ஆரம்ப நாட்களில் அபராதமின்றி வெளியேற ரிசர்வ் வங்கி விதிகளில் வழி இருக்கிறது; எத்தனை நாள் என்பது அந்த அறிக்கையில் இருக்கும். அசலும் அந்த நாட்களுக்கான வட்டியும், அறிக்கையில் குறிப்பிட்டிருந்தால் செயலாக்கக் கட்டணமும் கட்டினால் போதும். பணம் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் வராவிட்டால், 2,000 போனது போகட்டும். அதைக் காப்பாற்ற 46,000 போடாதீர்கள்.

கணவரிடம் எப்படிப் பேசுவது

அவர் கேலி செய்வது உங்களைப் புண்படுத்துகிறது, அது சரியுமில்லை. ஆனால் அவர் கண்ணில் படுவது கூடத்தில் துணி போர்த்திய கீபோர்டு. அவருடைய எரிச்சலில் பணம் பற்றிய பகுதி நியாயம். ‘இந்த வயசில் எதற்கு’ என்ற பகுதி நியாயமில்லை. முதலாவதற்கு வரம்பை எழுதிக் காட்டுங்கள். இரண்டாவதற்கு வாதாட வேண்டாம். அனுமதி கேட்கும் தொனியும் வேண்டாம்: ‘மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை காலைல எட்டரை வரைக்கும் நான் வெளியில இருப்பேன். மாவு இருக்கு. அத்தைக்கு ஏழரைக்கு இட்லியும் மாத்திரையும் நீங்க பாத்துக்கணும்.’ இவ்வளவுதான். முதல் மாதம் இட்லி கல்லாக வரலாம். நீங்கள் திரும்பி வந்து அதைச் சரிசெய்யப் போகாதீர்கள்.

வருடத்தில் நான்கு சீட்டை அவர் எழுதட்டும், அதற்கு இருவரும் போங்கள். 1993இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 53 தம்பதிகள் பங்கேற்றார்கள். வாரம் ஒன்றரை மணி நேரம் வீதம் பத்து வாரம், தங்களுக்குக் கிளர்ச்சி தரும் காரியங்களைச் சேர்ந்து செய்தவர்களுக்கு, வெறுமனே இதமான காரியங்களைச் செய்தவர்களைவிட மணவாழ்வில் திருப்தி கூடியிருந்தது. மகனைப் பிரிந்தது உங்களுக்கு மட்டும் நடந்த விஷயமல்ல. அவர் அதைக் கேலியாக வெளியே விடுகிறாரோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது

சாயங்காலம் ஆனால் கை கால் அசந்துவிடுகிறது, இரவில் இரண்டு மூன்று முறை விழிப்பு வருகிறது என்கிறீர்கள். இந்த வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்கள், ரத்தசோகை, தைராய்டு எல்லாமே இப்படிக் காட்டும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்எச், சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உடல் சோர்வோடு மன உறுதியைப் போட்டிபோட வைப்பது வீண்.

அதேபோல் முன்பு பிடித்தவற்றிலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஈடுபாடே இல்லாமல், பெரும்பாலான நாள் மனம் கனத்துக் கிடந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம்; சீட்டு டப்பா அதற்கு மருந்தாகாது. தூக்கமே தேவைப்படாமல் நாலைந்து நாள் உற்சாகம் பொங்கி, ஒரே நேரத்தில் பலதை ஆரம்பித்துக் கைமீறிச் செலவு செய்வது வேறொரு அறிகுறி. உங்கள் கடிதத்தில் அது தெரியவில்லை. இருந்தால் மனநல மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.